காலி மனையில் கீரைப் பாத்தி

சமூகத் தோட்டங்கள், அதாவது பொது மனையொன்றை அக்கம்பக்கத்தார் பாத்திகளாகப் பிரித்துக்கொண்டு பயிரிடும் இடங்கள், இன்று நியூயார்க் நகரில் நல்லுணவுத் திட்டங்களோடு சேர்த்துப் பேசப்பட்டாலும், அவற்றில் பல உருவானது குப்பைமேடுகளில்தான். 1970களில் நகராட்சி திவாலாகும் நிலையை நெருங்கியபோது, வரி கட்ட இயலாத அல்லது மனமில்லாத உரிமையாளர்கள் ஏழைப் பகுதிகளில் இருந்த கட்டடங்களைக் கைவிட்டனர். சில எரிந்தன, சில வேண்டுமென்றே எரிக்கப்பட்டன. இடிப்புக்குப் பின் எஞ்சிய மனைகள் வரிப் பாக்கிக்காக நகராட்சியின் கைக்கு வந்து, செங்கல் சல்லியும் கழிவுமாகக் கிடந்தன. மன்ஹாட்டனில் பௌரி, ஹூஸ்டன் தெருக்கள் கூடும் மூலையில் இருந்த அத்தகைய மனையொன்றை லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியர் 1973இல் அண்டை வீட்டாரோடு சேர்ந்து சீர்படுத்தத் தொடங்கினார். விதையும் உரமும் அடைத்த உருண்டைகளை வேலிக்கு மேலாகக் காலி மனைகளுக்குள் வீசிவந்த அக்குழுவுக்கு, 1974இல் நகராட்சி அந்த இடத்தை மாதம் ஒரு டாலர் வாடகைக்குக் கொடுத்தது. அங்கே முதலில் அமைந்தவை 60 உயர்பாத்திகள்.

உயர்பாத்தி என்பது பலகைகளால் நான்கு புறமும் அடைத்து, உள்ளே வேறிடத்து மண்ணும் மட்கு உரமும் நிரப்பிய மேடை. இடிந்த கட்டடங்களின் பழைய வண்ணப்பூச்சிலிருந்தும், முற்காலப் பெட்ரோல் புகையிலிருந்தும் படிந்த ஈயம் நகரத்து மண்ணில் மட்கி மறைவதில்லை. அது சிறுவர்களின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். செடி வேரால் உறிஞ்சுவதைவிட, இலையில் ஒட்டிய தூசியும் பிள்ளைகள் வாய்க்குப் போகும் கைமண்ணுமே பெரிய ஆபத்து என்பதால், தரையோடு தரையாக வளரும் கீரைக்கும் மண்ணுக்குள் விளையும் கிழங்குக்கும் உயர்பாத்தி அவசியமாகிறது. தக்காளி போன்ற காய்களுக்குள் ஈயம் மிகக் குறைவாகவே ஏறும். நடைபாதைகளில் மரச்சீவலைப் பரப்புவதும் தூசி கிளம்பாமல் இருக்கத்தான். இவ்வளவு பாடுபட்டு மண்ணைத் தேற்றிய பின்னரே உணவைப் பற்றிய பேச்சுக்கு இடம் வருகிறது.

அந்த உணவு எவ்வளவு மாறுகிறது என்பதை டென்வர் நகரில் நடந்து, 2023இல் வெளியான ஆய்வு சோதித்தது. தோட்டத்தில் இடம் கேட்டுக் காத்திருந்த 291 பேரில் குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு உடனே பாத்தியும், மற்றவர்களுக்கு மறு ஆண்டுக்கான வாக்குறுதியும் கொடுக்கப்பட்டன; ஆர்வம் உள்ளவர்கள் ஏற்கெனவே நன்றாக உண்பவர்களாக இருக்கலாம் என்ற ஐயத்தை இம்முறை நீக்குகிறது. பாத்தி பெற்றவர்கள் மற்றவர்களைவிட நாளொன்றுக்குச் சராசரி 1.4 கிராம் நார்ச்சத்து கூடுதலாக உண்டனர், சுமார் ஆறு நிமிடம் கூடுதலாக உடலை வருத்தினர், மன அழுத்தமும் குறைந்தது. ஆனால் இடுப்புச் சுற்றளவிலோ, காய்கனி உண்ணும் மொத்த அளவிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஊட்டச்சத்துக் குறைவையெல்லாம் தோட்டமே தீர்த்துவிடும் என்று மேடைகளில் முழங்குவோர் இந்தப் பின்பாதியைச் சொல்வதில்லை. ஒரு பருவத்தில் இவ்வளவுதான் நகரும். பழக்கம் ஊன்ற ஆண்டுகள் வேண்டும், ஆண்டுகளுக்கு நிலம் வேண்டும்.

நியூயார்க்கில் அந்த நிலந்தான் உறுதியற்றதாக இருந்தது. தோட்டங்களால் தெரு அழகு பெற, மனை விலையும் ஏறியது; 1999இல் மேயர் ஜூலியானியின் நிர்வாகம் நூற்றுக்கு மேற்பட்ட தோட்டங்களை ஏலத்தில் விட முனைந்தது. இரண்டு அறக்கட்டளைகள் சுமார் 42 லட்சம் டாலர் கொடுத்து, ஏலத்துக்கு முன்பே அவற்றை வாங்கின. வீடில்லாதோருக்கு வீடு கட்ட நிலம் வேண்டும் என்ற நகராட்சியின் வாதம் அடியோடு தள்ளத்தக்கதும் அல்ல. மற்ற தோட்டங்களை விற்பதைத் தடுக்க நகராட்சி மீது மாநில அரசு தொடுத்த வழக்கு 2002இல் சமரசத்தில் முடிந்தபோது, பெரும்பாலான தோட்டங்கள் தப்பின, சில மனைகள் குடியிருப்புகளாயின.