வீட்டில் செய்யும் ஷாம்பு கெடாதிருக்க

ஷாம்பு என்பது ஆங்கிலச் சொல் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது இந்நாட்டிலிருந்து சென்று திரும்பி வந்த சொல்லாகும். அமுக்கிப் பிசைதலைக் குறிக்கும் ‘சாம்ப்னா’ என்னும் இந்தி வினையே அதன் மூலம். பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகம்மது, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நடத்திய குளியல் விடுதியால் அது அங்கே புகழெய்தியது. தலை கழுவும் பண்டம் என்ற பொருள் பின்னர் ஏற்பட்டதே.

அப்பண்டத்தை வீட்டிலேயே செய்துகொள்ளும் ஆர்வம் இன்று பெருகியுள்ளது. அழுக்கையும் போக்கவேண்டும், கூந்தலையும் மென்மையாக்கவேண்டும் என்பதே நம் விருப்பம். இதற்கு இரண்டு பகைகளைத் தணித்தாக வேண்டும்.

முதலாவது, மின்னேற்றப் பகை. மயிரிழையின் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் உடையது. ஆதலின் அதில் படிந்து மென்மை தரும் பொருள்கள் பெரும்பாலும் நேர்மின்னேற்றம் உடையனவாக இருக்கின்றன. நுரைக்கும் பொருள்களோ பெரும்பாலும் எதிர்மின்னேற்றம் உடையவை. இவ்விரண்டையும் கண்டபடி கலந்தால் ஒன்றையொன்று பற்றித் திரிந்துபோகும். அழுக்கும் நீங்காது, மென்மையும் வாராது. இராஜஸ்தானத்தில் மிகுதியாய் விளையும் கொத்தவரையின் விதைப்பிசினுக்கு நேர்மின்னேற்றம் ஊட்டிய தூள் இதற்கு ஏற்றது. சிறிதளவு சேர்த்தால் அது ஷாம்புவில் கரைந்திருக்கும். அலசும் நீர் பெருகும்போது பிரிந்து கூந்தலில் படியும்.

இரண்டாவது, கிருமிப் பகை. உலர்ந்த சீயக்காய்த் தூள் பல மாதங்கள் கெடாது; அதையே நீரில் கரைத்து வைத்தால் ஓரிரு நாளில் புளித்துவிடும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கரைத்த நம் முன்னோர் வழக்கம் அறிவுடைமையே. நீர் உள்ள இடத்தில் கிருமி வளரும். வெந்தயக் குழம்பு, செம்பருத்திச் சாறு, கற்றாழைச் சோறு ஆகியவை அதற்கு உணவாகின்றன. இயற்கைப் பொருள் என்பதனாலேயே தீங்கில்லை என்று கொள்ளலாகாது.

நூறு கிராம் ஷாம்புவுக்குரிய அளவுகளைக் கூறுவோம். கொதித்து ஆறிய வாலைநீர் 56 கிராம் எடுத்து, அதில் சோடியம் பென்சோயேட் 0.5 கிராமும் பொட்டாசியம் சார்பேட் 0.3 கிராமும் முதலில் கரைக்க வேண்டும். பின்னர், கிளிசரின் 2 கிராமில் குழைத்த கொத்தவரைத் தூள் 0.3 கிராமைச் சேர்த்துக் கலக்கி, எலுமிச்சை உப்பின் கரைசலில் சில சொட்டுகள் விட்டால் அது கெட்டிப்படும். அதன்பின், நூற்றுக்கு 28 பங்கு சத்துள்ள சோடியம் லாரெத் சல்பேட் கரைசல் 30 கிராமும், தேங்காயெண்ணெயிலிருந்து பெறப்படும் பீட்டெய்ன் கரைசல் 10 கிராமும் நுரை எழாமல் மெல்லக் கலக்க வேண்டும். இறுதியில் எலுமிச்சை உப்புக் கரைசலால் பி.எச். அளவை 5-க்குக் கொணர வேண்டும். இந்த அளவுக்கு மேற்பட்டால் மேற்கண்ட காப்புப் பொருள்கள் வலுவிழக்கும். பென்சோயேட்டை அமிலத்தில் நேரே இட்டால் அது கரையாமல் படியும். ஆதலினாலேயே அதை முதலில் கரைக்கச் சொன்னோம். நீர்த்திருப்பின் சிட்டிகை சிட்டிகையாக உப்பிடலாம். அளவு மிஞ்சினால் மீண்டும் நீர்த்துவிடும்.

செய்ததில் ஒரு சீசாவை வெதுவெதுப்பான இடத்திலும் மற்றொன்றைக் குளிர்ந்த இடத்திலும் வைத்து, பிரிவு, நிறமாற்றம், வாடை ஆகியவற்றை நோக்கலாம். எனினும் தெளிவாகத் தோன்றுவதெல்லாம் தூயதென்று துணியலாகாது. கிருமி மிகுந்த நீர்மமும் கண்ணுக்கு மாற்றமின்றியே இருக்கலாம். அது கண்ணிலோ தலைப்புண்ணிலோ பட்டால் துன்பம் விளையும். அதை ஆய்வுக்கூடமே கண்டறிய இயலும்.

ஆகவே சிறிதாகச் செய்து, சீசாவின்மேல் நாள் குறித்து, ஒரு மாதத்துக்குள் பயன்படுத்திவிடுவதே நன்று. அடியில் எஞ்சியதை வீணாக்காமல் நீர் ஊற்றிக் குலுக்கி வைக்கும் வழக்கம் பல இல்லங்களில் உண்டு. சிக்கனம் போற்றத்தக்கதே, ஆயினும் அந்நீர் காப்புப் பொருளின் வலிமையைக் குறைத்துக் கிருமிக்கு வழிவிடுகிறது. அவ்வாறு நீர் ஊற்றினால் அன்றே பயன்படுத்திவிட வேண்டும்.