முதுகுக்கு ஏற்ற மின் மலைச்சைக்கிள்: பெடலில் தொடங்கும் பொருத்தம்

முதுகுவலிக்காரர் சைக்கிள் கடைக்குள் நுழைந்ததும் முதலில் பிடித்துப் பார்ப்பது ஹேண்டில்பாரை. அது உயரமாக இருந்தால் நிமிர்ந்து உட்காரலாம், நிமிர்ந்து உட்கார்ந்தால் வலிக்காது என்று அவர் எண்ணுகிறார். அளவு பொருத்தத் தெரிந்த மெக்கானிக் ஹேண்டில்பாருக்கு வர நெடுநேரம் ஆகும். பெடலில் தொடங்கி, சீட், கைப்பிடி, சக்கரமும் சஸ்பென்ஷனும், இறுதியில் மோட்டார் என்று அவர் கை போகும். ஒவ்வோர் அளவும் அதற்கு முன் வைத்த அளவின்மேல் நிற்பதால் இடையில் ஒன்றைத் தாண்டினால் வேலையைத் திரும்பத் தொடங்க வேண்டியிருக்கும்.

வண்டி ஓடப்போகும் இடம் தெரியாமல் அளவு சொல்ல முடியாது. இங்கே ஜெர்மனியின் தென்மேற்கில், கருங்காட்டின் அடிவாரத்தில் உள்ள ஃப்ரைபர்க் நகரை எடுத்துக்கொள்கிறேன். நகரம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அருகிலுள்ள ஷவுயின்ஸ்லாண்ட் மலையின் உச்சி 1,284 மீட்டர். அந்த நகரம் அடங்கிய பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தின் வனச் சட்டப்படி, தனியாக அனுமதித்த தடங்கள் நீங்கலாக, 2 மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள காட்டுப்பாதைகளில் சைக்கிள் ஓட்டக் கூடாது. ஆகவே அங்கே மலைச்சைக்கிள் ஓட்டுபவரின் நேரத்தில் பெரும்பங்கு, அகலமான சரளைச் சாலையில் உட்கார்ந்தபடியே மேலேறுவதில் கழிகிறது. பொருத்தமும் உட்கார்ந்த நிலையை முன்வைத்தே அமைய வேண்டும்.

கணக்குக்காக ஓர் ஓட்டுநரையும் வைத்துக்கொள்வோம். உயரம் 172 செ.மீ., எடை 75 கிலோ, கீழ் முதுகில் டிஸ்க் பிதுங்கிய பழைய தொல்லை.

அளவுநாடாவை எடுக்கும் முன் ஒரு கேள்வி இருக்கிறது: குனிந்தால் வலிக்கிறதா, பின்னுக்கு வளைந்தால் வலிக்கிறதா? டிஸ்க் பிதுங்கியவருக்குப் பெரும்பாலும் குனிவதே பகை. தண்டுவடக் குழாய் சுருங்கியவருக்கு நேர்மாறாக, நிமிர்ந்து நடந்தால் கால் மரத்துப்போகும், முன்சாய்ந்து சைக்கிள் மிதித்தால் இதமாக இருக்கும். இந்த வேறுபாட்டைக் கொண்டு நோயை இனம் காண, நிலைச்சைக்கிளில் மிதிக்கவைத்துப் பார்க்கும் சோதனையே மருத்துவத்தில் உண்டு. இரண்டாம் வகையினருக்கு ஹேண்டில்பாரை உயர்த்திக்கொடுப்பது கெடுதலாகவே முடியும். காலில் பலம் குறைகிறது, சிறுநீர் கட்டுப்படவில்லை என்று சொல்பவரை மெக்கானிக் அப்போதே மருத்துவரிடம் அனுப்பிவிட வேண்டும். நம் ஓட்டுநர் முதல் வகை.

அடுத்து ஃபிரேம். இரு சக்கரத்துக்கும் சஸ்பென்ஷன் உள்ள வண்டியே முதுகுக்கு நல்லது. பின்சக்கரப் பயணம் 130 முதல் 150 மி.மீ. போதும். தயாரிப்பாளர் தரும் அளவு அட்டவணையில் எல்லோரும் பார்ப்பது 'ரீச்'. பெடலைத் தாங்கும் கிராங்க் சுழலும் அச்சுக்கு நேர் மேலிருந்து ஃபிரேமின் முன்கழுத்து உச்சி வரை உள்ள கிடைத்தூரம் அது. எழுந்து நின்று ஓட்டும்போது உடல் எவ்வளவு நீளுகிறது என்பதை அது சொல்லும். உட்கார்ந்து ஓட்டுபவருக்கு அதைவிட முக்கியமானவை இரண்டு. ஒன்று 'ஸ்டாக்', அதாவது கிராங்க் அச்சிலிருந்து முன்கழுத்து உச்சியின் உயரம். மற்றொன்று சீட் குழாயின் கோணம்.

ரீச் 450, ஸ்டாக் 630 மி.மீ. உள்ள இரண்டு ஃபிரேம்களை ஒப்பிடலாம். ஒன்றில் சீட் குழாய் 74 பாகை, மற்றதில் 77 பாகை. முதலாவதில் ஸ்டாக் உயரத்தில் சீட் குழாய்க்கோடு கிராங்க் அச்சுக்கு 181 மி.மீ. பின்னால் விழும். இரண்டாவதில் 145 மி.மீ. ஆகவே சீட்டிலிருந்து முன்கழுத்து வரை உள்ள கிடைத்தூரம் முதலாவதில் 631, இரண்டாவதில் 595. ரீச் ஒன்றேயாக இருந்தும் உட்கார்ந்த உடலுக்கு 36 மி.மீ. வித்தியாசம் கிடைக்கிறது. செங்குத்தான சீட் குழாய்க்கு விலையும் உண்டு: சமதளத்தில் உடல் முன்தள்ளி உள்ளங்கையில் பாரம் ஏறும். ஏற்றமே மிகுந்த ஊரில் அந்த விலை சிறியது. நம் ஓட்டுநருக்கு 77 பாகை ஃபிரேமை எடுத்துக்கொள்கிறோம்.

இனி வண்டி ஸ்டாண்டில் ஏறுகிறது. 24 கிலோ எடையைத் தூக்குவதற்கு முன் பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். 500 முதல் 750 வாட்-மணி கொள்ளளவுள்ள பேட்டரியே 3 முதல் நாலரை கிலோ வரை இருக்கும்.

முதல் வேலை கிராங்க். 170 மி.மீ. கிராங்கை எடுத்துவிட்டு 160 போட்டால் பெடல் அடியில் இருக்கும்போது 10 மி.மீ. உயர்கிறது. அதற்கு ஈடாகச் சீட்டையும் 10 உயர்த்தலாம். பெடல் உச்சியில் இருக்கும்போதோ 10 மி.மீ. தாழ்கிறது. இரண்டும் சேர, முழங்கால் வயிற்றை நோக்கி எழும் உயரம் இடுப்பை ஒப்பிட 20 மி.மீ. குறைகிறது. தொடை மேலே வந்து இடுப்பெலும்பைப் பின்னோக்கி உருட்டுவதுதான் கீழ் முதுகை ஒவ்வொரு மிதிக்கும் வளைப்பது. அந்த உருட்டலை இந்த ஒரே மாற்றம் தணித்துவிடுகிறது. சிறிய கிராங்கில் நெம்புபலம் குறையுமே என்றால், அதை ஈடுகட்ட மோட்டார் இருக்கிறது. மின்சைக்கிளுக்கு மட்டுமே வாய்க்கும் சலுகை இது. பொருத்தும் அச்சின் வடிவம் மோட்டாருக்கு மோட்டார் மாறும். அதைச் சரிபார்த்தே கிராங்கை வாங்க வேண்டும்.

அடுத்தது சீட்டின் அகலம். அட்டைப்பெட்டியிலிருந்து நெளியட்டை ஒன்றை வெட்டி, கெட்டியான மர ஸ்டூலின்மேல் விரித்து, ஓட்டுநரை அதில் உட்காரவைப்பார்கள். முழங்காலைச் சற்று உயர்த்தி, பாரம் முழுதும் அட்டையில் இறங்கும்படி அரை நிமிடம் இருந்தால் போதும். எழுந்ததும் சாய்வெளிச்சத்தில் பார்த்தால் நெளிவு நசுங்கிய இரண்டு குழிகள் தெரியும். சாக்பீஸைப் பக்கவாட்டில் தேய்த்தால் குழி மட்டும் நிறம் ஏறாமல் விளிம்பு துலங்கும். நடுவிலிருந்து நடுவுக்கு 120 மி.மீ. என்றால், இந்த அமர்வுக்கு 25 முதல் 30 சேர்த்து, 145 முதல் 150 மி.மீ. அகலச் சீட் வேண்டும். தடித்த ஜெல் மெத்தை வைத்த சீட் தொட்டுப் பார்க்க இதமாக இருக்கும். ஆனால் எலும்பு அதில் புதைந்து இடுப்பு இடம் வலம் அசைந்தபடியே இருக்கும். உறுதியான சீட்டில் உட்காரும் எலும்பு இரண்டும் நிலைகொள்கின்றன.

உயரத்துக்கு உள்கால் அளவு வேண்டும். வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கிடையே சீட்டைப் போல அழுத்திப் பிடித்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளக்கிறார்கள். 80 செ.மீ. வருகிறது. இதை 0.883ஆல் பெருக்கினால் 70.6 செ.மீ. கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை உள்ள தூரத்துக்கு இது தொடக்க அளவு. கணக்கு முடிந்ததும் கண்ணால் சரிபார்ப்பு. பின்னால் நின்று, மிதிக்கும்போது பேன்ட்டின் இடுப்புப்பட்டி மேலும் கீழும் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆடினால் பெடலை எட்ட இடுப்பு சரிகிறது என்று பொருள். முதுகுவலிக்கு இதைவிட நேரான வழி இல்லை. சீட்டை 5 மி.மீ. இறக்கி மீண்டும் பார்ப்பார்கள். பெடல் அடியில் இருக்கையில் முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருந்தால் உயரம் சரி.

சாய்வுக்கு ரசமட்டத்தைச் சீட்டின்மேல் நீளவாக்கில் வைக்கிறார்கள். 1999இல் 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின்' இதழில் இஸ்ரேலிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், சீட்டின் மூக்கை 10 முதல் 15 பாகை கீழே சாய்த்தபோது முதுகுவலி இருந்த ஓட்டுநர்களில் பெரும்பாலானோருக்கு வலி குறைந்தது. மூக்கு தாழ்ந்தால் இடுப்பெலும்பு முன்னோக்கிச் சுழலும், கீழ் முதுகு தன் இயல்பான வளைவில் நிற்கும் என்பதே காரணம். நடைமுறையில் அவ்வளவு சாய்வு உடலை முன்னால் வழுக்கிக் கையில் பாரத்தை ஏற்றிவிடுகிறது. அதனால் 2 அல்லது 3 பாகையில் தொடங்கி, ஓட்டிப் பார்த்துக் கூட்டுவதுதான் என் மதிப்பில் சரியான முறை. கடைசியாக, கிராங்கைக் கிடையாக நிறுத்தி, முன் முழங்காலின் சில்லுக்குக் கீழிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூல் பெடல் அச்சின் அருகே விழுகிறதா என்று பார்ப்பார்கள். இது விதி என்று சொல்லும் அளவுக்கு உறுதியானதில்லை, குறிப்பாகக் கொள்ளலாம். 77 பாகைக் குழாயில் நூல் முன்னால் விழும். சீட்டைத் தண்டவாளத்தில் 5 மி.மீ. பின்னால் தள்ளுவது வழக்கம்.

சீட் தண்டு அழுத்தினால் இறங்கும் வகையாக இருப்பது அவசியம். மேட்டில் நிற்கும்போது 150 மி.மீ. இறக்கிக் காலைத் தரையில் ஊன்றலாம். முதுகு திருகும் வீச்சோடு காலைத் தூக்கிப் போட்டு ஏறவும் வேண்டாம்.

இப்போதுதான் ஹேண்டில்பார். பக்கவாட்டிலிருந்து கைபேசியில் ஒரு படம் எடுத்து, இடுப்பு மூட்டிலிருந்து தோள் வரை கோடு இழுக்கிறார்கள். அந்தக் கோடு தரையோடு 60 பாகை அளவில் இருப்பது நம் ஓட்டுநருக்கு இலக்கு. முற்றிலும் நிமிர்ந்த 90 பாகையில் பள்ளத்தின் ஒவ்வோர் அடியும் முதுகெலும்பு வழியே நேராக மேலேறும். கைகள் பங்கெடுக்க ஓரளவு சாய்வு வேண்டும்.

உயர்த்த மூன்று வழிகள் உண்டு, மூன்றின் கணக்கும் வெவ்வேறு. முன்கழுத்துக் குழாய் தரையோடு 65 பாகையில் சாய்ந்து நிற்கிறது. எனவே ஹேண்டில்பாரை ஃபோர்க் குழாயோடு இணைக்கும் ஸ்டெம்முக்கு அடியில் 20 மி.மீ. வளையம் சேர்த்தால் கைப்பிடி 18 மி.மீ. மேலேயும் 8 மி.மீ. பின்னாலும் வரும். 50 மி.மீ. ஸ்டெம்மை 35 ஆக்கினால் 14 மி.மீ. பின்னால் வரும். ஸ்டெம் முன்னோக்கிச் சற்று மேல்சாய்ந்து நிற்பதால் அதே மாற்றத்தில் 6 மி.மீ. தாழவும் செய்யும். 20 மி.மீ. எழுச்சியுள்ள பாருக்குப் பதில் 50 மி.மீ. எழுச்சியுள்ளதைப் போட்டால் 30 மி.மீ. ஏற்றம். மொத்தத்தில் கைப்பிடி 42 மி.மீ. உயர்ந்து 22 மி.மீ. அருகில் வந்துவிட்டது. இதற்கு மேல் போனால் செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரம் பாரமிழந்து அலையும்.

மாற்றும் வேலைக்கும் முறை இருக்கிறது. ஸ்டெம்மின் பக்கத் திருகுகளைத் தளர்த்தி, மேல்மூடியைக் கழற்றி, ஃபோர்க் நழுவி இறங்காமல் ஒரு கையால் தாங்கியபடி வளையங்களை அடுக்க வேண்டும். ஃபோர்க் குழாயின் வாய் ஸ்டெம்மின் மேல்விளிம்புக்கு 3 மி.மீ. கீழே நின்றால்தான் மூடி அழுத்தும். குழாய் ஏற்கெனவே குட்டையாக வெட்டப்பட்டிருந்தால் வளையத்துக்கு இடமிருக்காது, எழுச்சி கூடிய பார்தான் வழி. மூடியை மெல்ல இறுக்கி, முன்பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி, கழுத்து இடுக்கில் விரல் வைத்து ஆட்டம் நின்றதா என்று உணர வேண்டும். பிறகே பக்கத் திருகுகளை மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். பெரும்பாலான ஸ்டெம்களில் 5 நியூட்டன் மீட்டர் என்று அருகிலேயே பொறித்திருக்கும். டார்க் ரெஞ்ச் 'டிக்' என்று சொன்னதும் கை நிற்க வேண்டும். பாரைப் பிடிக்கும் முகத்தட்டின் மேல் கீழ் இடைவெளிகள் சமமாக இருந்தால் வேலை சுத்தம். முடிவில் ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, பிரேக் ஆயில் குழாய் விறைக்கிறதா என்று பார்ப்பார்கள். விறைத்தால் நீளமான குழாய் போட்டு ஆயிலை நிரப்பிக் காற்று நீக்க வேண்டும்.

உட்காரும் நிலை அமைந்தபின் சஸ்பென்ஷன். ஓட்டுநர் ஹெல்மெட், ஷூ, வழக்கமாகக் கொண்டுபோகும் சுமை எல்லாவற்றோடும் ஏற வேண்டும். முதுகுப்பையிலிருக்கும் தண்ணீரும் கருவியும் ஃபிரேமுக்கு மாறுவது நல்லது. டயர் 2.4 முதல் 2.6 அங்குலம், டியூப் இல்லாதது. முன்னால் 1.5, பின்னால் 1.7 பார் காற்றில் தொடங்கலாம். பின் ஷாக்கின் தண்டு ஓட்டம் 55 மி.மீ. என்றால் உட்கார்ந்தவுடன் அதில் 30 விழுக்காடு, அதாவது 16 அல்லது 17 மி.மீ. அமுங்க வேண்டும். தண்டிலுள்ள ரப்பர் வளையத்தை அடிவரை தள்ளிவிட்டு, அசையாமல் உட்கார்ந்து, குலுக்காமல் இறங்கி, வளையம் நகர்ந்த தூரத்தை அளக்கிறார்கள். கூடுதலாக அமுங்கினால் ஷாக் பம்பால் காற்றேற்ற வேண்டும், குறைந்தால் இறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வண்டியைச் சில தடவை அமுக்கிவிட்டால்தான் உள்ளறைகளில் அழுத்தம் சமமாகும். 140 மி.மீ. ஃபோர்க்குக்கு 20 விழுக்காடு, 28 மி.மீ.

திரும்பி எழும் வேகத்தை நிர்ணயிக்கும் குமிழ்தான் முதுகுக்கு நேரடிச் சம்பந்தமுள்ளது. வேகமாக எழுந்தால் சீட் கீழிருந்து உதைக்கும். மிக மெதுவாக எழுந்தால் அடுத்தடுத்த குழிகளில் ஷாக் அமுங்கியபடியே இருந்து கடினமாகிவிடும். நடைபாதை விளிம்பிலிருந்து உட்கார்ந்தபடியே இறங்கிப் பார்ப்பது பழகிய சோதனை. சீட் ஒரே முறை எழுந்து அமைந்தால் போதும்.

மோட்டாருக்கு வேலை குறைவு. ஐரோப்பிய விதிப்படி 250 வாட் தொடர்திறன், மணிக்கு 25 கிலோமீட்டரில் உதவி நின்றுவிடும். செயலியில் தொடக்க வேகத்தைத் தணித்து வைத்தால் முதல் மிதியில் முதுகு பின்னுக்கு இழுபடாது. நிமிடத்துக்கு 70 முதல் 80 சுற்று மிதிக்கும்படி கியரை இறக்கியே வைத்து, பலத்தை மோட்டாரிடம் விட வேண்டும். கனமான கியரை அழுத்தி மிதிக்கும்போது கீழ் முதுகுத் தசைகளே முட்டுக்கொடுக்கின்றன. ஓட்ட முடியாத இடத்தில் தள்ளுவதற்கு, மணிக்கு 6 கிலோமீட்டர் வரை உதவும் நடைப் பொத்தானும் இருக்கிறது. காரில் ஏற்றுவதற்குச் சரிவுப்பலகை உள்ள பின்தாங்கியை வாங்கிவிட்டால் தூக்கும் வேலையே இல்லை.

முதல் சவாரி சரளையில் 20 நிமிடம். திரும்பி வந்தபின் ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம்: சீட் உயரம் என்றால் 5 மி.மீ., சாய்வு என்றால் 1 பாகை. வலி அன்றிரவோ மறுநாள் காலையோ தலைகாட்டலாம் என்பதால், ஒரு மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது ஒரு நாள் விட வேண்டும். அளவுகள் நிலைத்தபின் சீட் தண்டில் நாடா ஒட்டிக் குறியிட்டு, கிராங்க் அச்சு முதல் சீட் வரை, சீட் மூக்கு முதல் பார் நடு வரை, தரையிலிருந்து கைப்பிடி வரை, ஷாக், ஃபோர்க், டயர் மூன்றின் காற்றழுத்தம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைப்பார்கள். முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு ஸ்டெம், சீட் கிளாம்ப், கிராங்க் திருகுகளை அதே டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.