அட்வைசர்னா கையெழுத்து மட்டும்தானா?

உங்க ஃபேக்கல்டி அட்வைசர்கிட்ட கடைசியா எப்போ பேசினீங்க? லீவ் லெட்டர்ல கையெழுத்து வாங்கினது கணக்குல வராது. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி படிப்பு முடியும்வரை நமக்கு ஆலோசனை சொல்ல ஓர் ஆசிரியர் உண்டு. நாமதான் கேட்கிறதில்ல.

கேட் தேர்வை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். ஸ்கோர் 3 வருஷம் செல்லும். அதை வெச்சு ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் உள்ள இடத்துல முழுநேர எம்.டெக் சேர்ந்தா மாசம் 12,400 ரூபாய் உதவித்தொகை. இது எனக்குத் தெரிஞ்சதே ஃபைனல் இயர்ல, வண்ணார்பேட்டை பஸ்ல ஒரு சீனியர் அக்கா சொல்லித்தான். அதுக்குள்ள விண்ணப்பத் தேதி முடிஞ்சிருச்சு. "மேல படிக்கணும்னா காசுல்லா வேணும்"னு அப்பா சொன்னப்போ என்கிட்ட பதில் இல்ல. ஒரு வருஷம் முன்னாடி தெரிஞ்சிருந்தா அந்தப் பேச்சே வேற மாதிரி போயிருக்கும்.

அட்வைசர்கிட்ட போனேன். "நீ கேட்கவே இல்லையேப்பா"ன்னார். கோபம் வந்துச்சு, ஆனா உண்மைதான்.

வெளிநாட்டு எம்.எஸ்.னா சிபாரிசுக் கடிதம் கேட்பாங்க. உங்க ரோல் நம்பர் மட்டும் தெரிஞ்சவர் அதுல என்னத்தை எழுதுவார்?

கேட் விண்ணப்பம் பொதுவா ஆகஸ்ட், செப்டம்பர்ல வரும், பரீட்சை பிப்ரவரியில. மூன்றாம் ஆண்டுக்காரங்க ஜூலையிலயே போய்ப் பேசிருங்க. காலையில வேண்டாம், ஸ்டாஃப் ரூம் பரபரப்பா இருக்கும். மத்தியானம் சாப்பாடு முடிஞ்சதும் போங்க.