முதற்படியில் நிற்கும் மரப்பாச்சி

மஹாளய அமாவாசையன்று படிகளைக் கட்டி வெள்ளை வேட்டி விரித்ததும், முதலில் எடுத்து வைப்பது கலசத்தையும் மரப்பாச்சி ஜோடியையுந்தான். தசாவதார செட்டும், கல்யாண செட்டும், செட்டியார் கடையும் எத்தனை இருந்தாலும், அவை பின்னால்தான் வரவேண்டும். கண்ணும் மூக்கும் தெளிவாகத் தெரியாத, ஆடையற்ற இரண்டு மரக்கட்டைகளுக்கு இந்த முதன்மை எப்படி வந்தது?

இதற்கு விடை தேடத் தேன்கனிக்கோட்டைப் பக்கம் நல்ல இடம். கிழக்கு மலைத்தொடரின் காடு சூழ்ந்த எல்லையூர் அது. அங்கே கோயில் கொண்டிருக்கும் பேட்டராய சுவாமியின் திருநாமத்திலேயே எல்லை தெரிகிறது. கன்னடத்தில் 'பேட்டெ' என்றால் வேட்டை. வேட்டைக்கு எழுந்தருளிய பெருமாள் அவர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் அப்பகுதியில், நாம் பொம்மைக் கொலு என்பதைத் தெலுங்கர் 'பொம்மல கொலுவு' என்பர். கன்னடியர் 'கொம்பெ ஹப்பா' என்பர். நம் மரப்பாச்சி அவர்களுக்குப் 'பட்டத கொம்பெ', அதாவது பட்டம் கட்டிய ராஜா ராணி. மூவர் வழக்கிலும் ஒரு செய்தி பொது: மணமாகிச் செல்லும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் இந்த ஜோடியைச் சீராகத் தருவார்கள். புது இல்லத்தின் முதல் நவராத்திரி அதைக் கொண்டே தொடங்கும். நான்கு தலைமுறைச் சீர் ஒரே பெட்டியில் கிடக்கும் வீடுகள் உண்டு.

மரத்தில் பாவை செய்வது நமக்குப் புதிதன்று. வள்ளுவர் மரப்பாவையை இரண்டு குறள்களில் உவமையாக எடுத்தாள்கிறார். பெரும்பாணாற்றுப்படையில் தச்சர்கள் செய்த சிறு தேரைப் பிள்ளைகள் உருட்டி விளையாடுகிறார்கள். பட்டினப்பாலையில் குதிரை பூட்டாத முக்காற் சிறுதேர் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவில் ஓடுகிறது. நம் வீட்டுக் குழந்தைகள் பிடித்துக்கொண்டு நடை பழகிய நடைவண்டிக்கும் அதே மூன்று சக்கரந்தான்! ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்தாம் பருவமாகச் சிறுதேர் அமைந்ததும் இதனால்தான். இறைவன் ஏறும் பெருந்தேரைச் செதுக்கிய உளியே குழந்தையின் சிறுதேரையும் செதுக்கியது.

மரப்பாச்சிக்குரிய மரம் செஞ்சந்தனம். செம்மரம் என்று செய்தித்தாள்களில் கடத்தல் வழக்குகளோடு நாம் படிக்கும் அதே மரம். திருமலையப்பன் வாழும் சேஷாசலமும் அதையொட்டிய ஆந்திர மலைகளுமே அதன் பிறப்பிடம். உலகில் வேறெங்கும் அது இயல்பாகக் காடாக வளர்வதில்லை என்றே சொல்லலாம். வைரம் பாய்ந்த கட்டை நீரில் மிதக்காது, மூழ்கும். திருப்பதிக்குச் சென்றவர்கள் பிரசாதத்தோடு ஒரு ஜோடி மரப்பாச்சியும் வாங்கி வந்ததும், அதை ஸ்ரீநிவாசராகவும் பத்மாவதித் தாயாராகவும் பாவித்ததும் இந்த மண்ணின் பொருத்தமே. ஸ்ரீகாளஹஸ்திக்கு அருகிலுள்ள மாதவமாலை கிராமத்தில் இன்றும் மரத்தில் தெய்வத் திருமேனிகளைச் செதுக்குகிறார்கள்.

எங்கள் வீட்டு ஜோடியில் ராஜாவுக்கு முதுகு தேய்ந்திருக்கும். சந்தனக் கல்லில் நீர் விட்டு அவரை இழைத்து, அந்தச் சிவந்த விழுதைக் குழந்தைகளின் வீக்கத்துக்கும் வேனற்கட்டிக்கும் பாட்டி பூசுவார். ராணியை மட்டும் இழைக்கமாட்டார். காரணம் கேட்டால் சிரிப்பார். பொம்மை, தெய்வம், மருந்து மூன்றும் ஒன்றாக இருந்த காலம் அது.

இன்று நிலை வேறு. செம்மரம் 1995-இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வைரம் முற்றப் பல பத்தாண்டுகள் வேண்டும். ஆகவே கடைகளில் மரப்பாச்சி என்று கிடைப்பதில் வேறு மரத்தில் செஞ்சாயம் ஏற்றியவையும் உண்டு. கொலுவில் வைக்க அதனால் குறையொன்றுமில்லை. ஆனால் பழைய வழக்கத்தை எண்ணி அதை இழைத்துப் பேரக்குழந்தைக்குப் பூசவோ, வாயில் வைத்துக் கடிக்கவோ கொடுக்கவேண்டாம்.

எல்லைக்கு அப்பால், பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் சாலையில் ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் சென்னபட்டணம் இருக்கிறது. அங்கே மரம் வேறு, முறையும் வேறு. நாம் வெட்பாலை என்றும் தந்தப்பாலை என்றும் சொல்லும் மரத்தைக் கன்னடத்தில் 'ஆலெ மர' என்பர். வெண்மையான, மென்மையான கட்டை அது. அதை உலர்த்திக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு, வண்ணம் கலந்த அரக்குக் குச்சியை மேலே அழுத்துவார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். பிறகு தாழை மடலால் தேய்க்க, கண்ணாடிபோல் பளபளக்கும். மஞ்சள், அவுரி போன்ற இயற்கைச் சாயங்கள் இக்கலையின் பழைய செல்வம். திப்பு சுல்தான் பாரசீகக் கைவினைஞரை வரவழைத்து இத்தொழிலை வளர்த்தார் என்பது அங்கு வழங்கும் வரலாறு; பவாஸ் மியான் என்பவரை அத்தொழிலின் தந்தையாகப் போற்றுகின்றனர். நம் கொலுப்படியில் அமரும் பொம்மைகளில் பல இஸ்லாமியக் கைகளில் உருவானவை என்பதை எண்ணும்போது மனம் நிறைகிறது. ஆந்திரத்து ஏட்டிகொப்பாகாவிலும் இதே மரத்தில் இதேபோல் அரக்குப் பொம்மை செய்கிறார்கள். நம் பொதிகை மலையடியில் அம்பாசமுத்திரத்துக் கடைசல் சொப்புச் சாமான்களும் இவற்றின் உறவே. அடுப்பும் குடமும் உரலுமாக ஒரு பனையோலைப் பெட்டியில் அவற்றை வாங்கி விளையாடாத பாட்டிமார் நம்மில் எத்தனை பேர்?

சென்னபட்டணப் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆயினும் சந்தையில் அவற்றுக்கு நேர் நிற்பவை விலை மலிந்த பிளாஸ்டிக் பொம்மைகள். வாங்குவோர் இல்லாமற்போனால் கடைசல் பட்டறையில் மகன் உட்காரமாட்டான்; ஓசூர்த் தொழிற்சாலைகளைப் போல மாதம் பிறந்தால் சம்பளம் தரும் வேலை அருகிலேயே இருக்கிறதே. அவனைக் குறை சொல்லவும் முடியாது.

பரணிலிருக்கும் பழைய ஜோடியை இம்முறை இறக்கும்போது, ஈரத்துணியால் அழுத்தித் துடைக்காமல் உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். வார்னிஷ் பூசி 'புதிது' ஆக்கிவிடாதீர்கள். தேய்ந்த இடங்கள் தேய்ந்தபடியே இருக்கட்டும். யார் திருமணத்தில், எந்த ஊரிலிருந்து வந்த சீர் என்பதை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். விஜயதசமி இரவு ஆரத்தி எடுத்து, ஒரு பொம்மையைப் படுக்கவைத்துக் கொலுவை நிறைவு செய்து, மறுநாள் வசம்புத் துண்டோடு பழம்புடவையில் சுற்றி உள்ளே வைக்கும்போது, பேத்தியை அருகில் அழைத்து ராணியை அவள் கையில் கொடுங்கள். சுற்றுவது அவளாக இருக்கட்டும்.