அன்று வரிகள், இன்று கோடுகள்

2004 டிசம்பர் 26 சுனாமி அடித்த சில நாட்களிலேயே கொழும்பில் சில தன்னார்வலர்கள் 'சஹானா' என்ற மென்பொருளை எழுத உட்கார்ந்தார்கள். காணாமற்போனவர்கள், முகாம்கள், நிவாரணப் பொருட்கள் எல்லாவற்றையும் ஓரிடத்தில் பதிய உதவும் திறந்த மூல மென்பொருள் அது. சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதை அதற்குக் கொடுத்தது.

இப்படிப் பலர் கூடி எழுதும்போது எந்த வரியை யார், எப்போது, ஏன் மாற்றினார் என்ற பதிவு கட்டாயம் வேண்டும். அந்தக் காலத்தில் திறந்த மூலத் திட்டங்கள் பெரும்பாலும் நம்பியிருந்தது, அப்படிப் பதிவு வைக்கும் சிவிஎஸ் என்ற மென்பொருளைத்தான். அதில் ஒவ்வொரு கோப்புக்கும் தனி வரலாறு: 1.1, 1.2, 1.3 என்று. ஒரே பிழைக்காக ஐந்து கோப்புகளைத் திருத்தியிருந்தால், அவை சேர்ந்து மாறியவை என்பதைத் திகதியையும் பெயரையும் ஒப்பிட்டு ஊகிக்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், வரலாறு முழுவதும் சர்வரில் இருந்ததுதான். பழைய மாற்றம் ஒன்றைப் பார்க்கவும் இணைய இணைப்பு வேண்டும். சப்ரகமுவத் தோட்டத்து லயத்தில் இருந்துகொண்டு அன்று அதை யார் பார்ப்பது?

2005 ஏப்ரலில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதே வேலைக்கு 'கிட்' என்ற மென்பொருளை எழுதினார். அடுத்த சில வாரங்களிலேயே லினக்ஸ் கருநிரலாளரான பால் மக்கராஸ், அதில் பதியும் வரலாற்றைப் படமாகக் காட்டும் 'கிட்கே'யைக் கொண்டுவந்தார். கிட்டில் ஒரு திட்டத்தைப் பிரதி எடுத்தால் முழு வரலாறும் கூடவே வந்துவிடும். என்னைப் பொறுத்தவரை, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய மாற்றம்.

பெலிஹுல்ஓயாவில் இருக்கும் சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் இன்று கணினிப் பீடம் இருக்கிறது. இறக்குவானைப் பக்கமோ எட்டியாந்தோட்டைப் பக்கமோ உள்ள தோட்டத்திலிருந்து படிக்கப் போன பிள்ளை, கெம்பஸில் ஒரு திட்டத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு விடுமுறைக்கு வீட்டுக்கு வரலாம். சிக்னலுக்காக மேட்டில் ஏறி நிற்கத் தேவையில்லை. பழைய லெப்டொப்பே போதும். விண்டோஸில் கிட்டை நிறுவினால் கிட்கேயும் சேர்ந்தே வருகிறது, காசும் இல்லை.

கிட்கேயைத் திறந்தால் மேலே இடப்பக்கம் புள்ளிகள், அவற்றைக் கோக்கும் நிறக் கோடுகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கொமிட், அதாவது பதிந்துவைத்த ஒரு மாற்றம். பக்கத்தில் அதன் குறிப்பு, எழுதியவர் பெயர், திகதி. ஒருவர் தனியாகச் செய்த வேலை கிளையாகப் பிரிந்து ஓடி, சீதாவக்க ஆறு களனியில் கலப்பதுபோல முதன்மைக் கோட்டில் வந்து சேர்கிறது. நாம் நிற்கும் இடம் மஞ்சள் புள்ளி. ஒரு புள்ளியைத் தட்டினால் கீழே அந்த மாற்றம் விரிகிறது: நீக்கிய வரி சிவப்பு, சேர்த்த வரி பச்சை. வலப்பக்கம், சேர்ந்து மாறிய கோப்புகளின் பட்டியல். சிவிஎஸ் காலத்தில் ஊகித்தது, இங்கே கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது.

கட்டளை வரிதான் உண்மையான படிப்பு, படம் சோம்பேறிகளுக்கு என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. ஆங்கிலத்தோடும் மல்லுக்கட்டிக்கொண்டு படிக்கும் பிள்ளைக்குக் கிளை என்றால் என்ன என்பதைக் கோடு ஒரு பார்வையில் சொல்லிவிடும். பிறகு கட்டளை தானாகப் பழகும். ஆனால் படத்தால் முடியாததும் ஒன்று உண்டு. 'திருத்தினேன்' என்று மட்டும் குறிப்பு எழுதிவிட்டுப் போனால், எவ்வளவு அழகாகக் கோடு வரைந்தாலும் ஏன் திருத்தினார் என்பது யாருக்கும் தெரியவராது.

சஹானாவும் மாறிவிட்டது. பைதனில் எழுதிய அதன் 'ஈடன்' பதிப்பு முதலில், இதே வகை மென்பொருளான பசாரில் இருந்தது, பிறகு கிட்டுக்கு வந்தது. யாரும் பிரதி எடுக்கலாம். கணினி கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கிட்டின் முதல் பாடத்தைச் சஹானாவின் வரலாற்றைத் திறந்து காட்டித் தொடங்குங்கள். இரத்தினபுரி வெள்ளத்தையும் 2016 அரநாயக்க மண்சரிவையும் அறிந்த பிள்ளைகளுக்கு, அந்த மென்பொருள் எதற்கு என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது.