படிவத்தில் மூன்றாவது கட்டம் மட்டும் போதுமா?

மருத்துவ ஆய்வு என்பது சிலரை அளந்து பார்த்துப் பலருக்கான முடிவைக் கூறும் முறையாகும். அளக்கப்பட்டோருள் தம்மைப் போன்றவர் ஒருவரும் இல்லாதபோது, அம்முடிவு தமக்குப் பொருந்துமா என்னும் கேள்விக்கு ஒருவர் விடை பெற வழியில்லை. இக்குறை முதலில் பெண்கள் தொடர்பாகவே பெரிதாகப் பேசப்பட்டது. கருவுறும் வாய்ப்புள்ள பெண்களை மருந்துகளின் தொடக்கநிலைச் சோதனைகளிலிருந்து விலக்கி வைக்குமாறு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1977இல் வழிகாட்டியது. 1993இல் அந்நிலை மாறியது. ஆயினும், சோல்பிடெம் என்னும் தூக்க மாத்திரை பெண்களின் உடலிலிருந்து மெதுவாகவே நீங்குவதால், அவர்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைக்க வேண்டும் என்று அதே நிர்வாகம் அறிவிக்க 2013 வரை ஆயிற்று. மக்கள்தொகையில் பாதியாக உள்ளோருக்கே இந்நிலை என்றால், ஆண், பெண் என்னும் இரு பிரிவுகளுக்குள் எளிதில் அடங்காதோரைப் பற்றி ஆய்வுலகம் எவ்வளவு அறிந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

சொற்களும் அவை மறைப்பனவும்

குரோமோசோம், ஹார்மோன், இனப்பெருக்க உறுப்பு ஆகியவற்றைக் கொண்டு பிறப்பின்போது குறிக்கப்படுவது பால். ஒருவர் தம்மை எவ்வாறு உணர்ந்து வாழ்கிறார் என்பது பாலின அடையாளம். பிறப்பில் ஆண் எனக் குறிக்கப்பட்டுப் பெண்ணாக வாழ்பவர் திருநங்கை. பெண் எனக் குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவர் திருநம்பி. இருவரையும் உள்ளடக்கிய பொதுச்சொல் திருநர். இடைப்பாலினர் என்பது இவற்றிலிருந்து வேறானது: உடலமைப்பே ஆண், பெண் என்னும் வழக்கமான வரையறைக்குள் முழுதும் அடங்காமல் பிறந்தோரை அது குறிக்கிறது.

ஆய்வுப் படிவத்தில் ஆண், பெண் என்பவற்றுக்குக் கீழே ‘மூன்றாம் பாலினம்’ என்றோ ‘பிற’ என்றோ ஒரு கட்டத்தைச் சேர்த்துவிட்டால் கடமை முடிந்தது என்று கருதுவோர் பலர். நல்லெண்ணத்தில் பிறந்த ஏற்பாடுதான். ஆனால் மருத்துவ நோக்கில் அது தரும் தகவலைவிட மறைக்கும் தகவலே மிகுதி. ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொள்ளும் திருநங்கையும், டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளும் திருநம்பியும், எந்த ஹார்மோனும் எடுத்துக்கொள்ளாத இடைப்பாலினரும் அக்கட்டத்தில் ஒன்றாகிவிடுகின்றனர். தம்மைப் பெண் என்றே குறித்த திருநங்கையோ கணக்கிலேயே தென்படுவதில்லை. இறுதியில், எண்ணிக்கை மிகக் குறைவு என்று கூறி அக்கட்டத்தையே பகுப்பாய்விலிருந்து நீக்கிவிடுவதும் உண்டு.

ஒரு மாத்திரையும் 339 பேரும்

கேள்வியைத் தவறாகக் கேட்டால் என்ன நேரும் என்பதற்கு ஐபிரெக்ஸ் ஆய்வைவிடத் தெளிவான சான்று அரிது. ஹெச்.ஐ.வி. தொற்று இல்லாதோர் அதனைத் தவிர்ப்பதற்காக முன்கூட்டியே உட்கொள்ளும் மாத்திரையின் பயனை அளப்பதற்காக, பெரு, ஈக்வடார், பிரேசில், அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து ஆகிய ஆறு நாடுகளில் 2,499 பேரிடம் அது நடத்தப்பட்டது. பிறப்பில் ஆண் எனக் குறிக்கப்பட்டு, ஆண்களுடன் உறவுகொள்வோர் சேர்க்கப்பட்டனர். மாத்திரை தொற்றை 44 விழுக்காடு குறைத்தது என்று 2010இல் வெளியான முடிவு உலகெங்கும் கொண்டாடப்பட்டது.

பின்னர் பங்கேற்பாளர்களின் விடைகளை மீண்டும் ஆராய்ந்தபோது, தம்மைத் திருநங்கை என்னும் சொல்லால் குறித்தோர் 29 பேர் மட்டுமே எனினும், பெண் என்று குறித்தோர் 296 பேரும், ஆண் என்று குறித்தும் பெண்மைக்கான ஹார்மோன் எடுத்துக்கொண்டோர் 14 பேரும் இருந்தது தெரியவந்தது. ஒரு விழுக்காடு என்று தோன்றிய குழு உண்மையில் 14 விழுக்காடாக, 339 பேராக இருந்தது. இவர்களை மட்டும் தனியே பிரித்துப் பார்த்த 2015ஆம் ஆண்டுக் கட்டுரை, மருந்து பெற்றோரில் 11 பேருக்கும் வெற்று மாத்திரை பெற்றோரில் 10 பேருக்கும் தொற்று ஏற்பட்டதாகக் கூறியது. அதாவது, ஒட்டுமொத்தக் கணக்கில் வெற்றியாகத் தெரிந்த மாத்திரை இவர்களிடம் பயனற்றதாகத் தோன்றியது.

கதை அத்துடன் முடியவில்லை. மருந்துப் பிரிவில் தொற்றுக்கு உள்ளானோரின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது, தொற்று கண்டறியப்பட்ட வேளையில் ஒருவரிடமும் மருந்து காணப்படவில்லை. வாரத்திற்கு நான்கு மாத்திரைகளுக்குக் குறையாமல் உட்கொண்டதற்குரிய அளவு இரத்தத்தில் இருந்தோருக்குத் தொற்றே ஏற்படவில்லை. மருந்து தோற்கவில்லை, அது உட்கொள்ளப்படவில்லை. ஹார்மோன் சிகிச்சையின் பயனை இம்மாத்திரை கெடுத்துவிடுமோ என்னும் அச்சம் திருநங்கையரிடையே பரவலாக இருந்ததைப் பிற ஆய்வுகள் சுட்டின. அந்த ஐயத்தைத் தீர்த்துவைக்கும் தரவு அப்போது ஆய்வாளர்களிடமே இல்லை என்பதுதான் வேதனை. இதிலிருந்து பாடம் கற்ற பிந்தைய ஆய்வு ஒன்று, ஹெச்.ஐ.வி. தொற்றைத் தவிர்க்க ஊசியாகச் செலுத்தப்படும் கபோடெக்ராவிர் என்னும் மருந்தைச் சோதித்தபோது, பங்கேற்பாளருள் குறைந்தது பத்தில் ஒருவர் திருநங்கையாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே இலக்கு வகுத்து, 4,566 பேரில் 570 திருநங்கையரைச் சேர்த்தது.

யாரோடு ஒப்பிடுவது?

ஆம்ஸ்டர்டாமில் ஹார்மோன் சிகிச்சை பெற்ற 2,260 திருநங்கையரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியிடப்பட்ட கட்டுரை, அவர்களுள் 15 பேருக்குப் பரவும் வகை மார்பகப் புற்றுநோய் கண்டதாகக் கூறியது. பொதுவான ஆண்களோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ 46 மடங்கு. பொதுவான பெண்களோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு. இரண்டும் உண்மை. முதல் எண்ணை மட்டும் சொன்னால் பீதியும் இரண்டாவதை மட்டும் சொன்னால் அசட்டையும் விளையும் என்பதால், எதனோடு ஒப்பிடப்பட்டது என்பதைச் சேர்த்தே சொல்வது ஆய்வாளரின் கடமையாகிறது.

இச்சிக்கல் சாதாரண இரத்தப் பரிசோதனையிலும் உண்டு. ஹீமோகுளோபின் அளவு டெசிலிட்டருக்கு ஆண்களுக்கு 13 கிராமுக்கும், கருவுறாத பெண்களுக்கு 12 கிராமுக்கும் குறைந்தால் இரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொள்ளும் திருநம்பியின் ஹீமோகுளோபின் ஆண்களின் அளவுக்கு உயரும். அவருடைய அடையாள அட்டையில் ‘பெண்’ என்றிருப்பதால் 12.5 என்னும் அளவு இயல்பானதாக அச்சிடப்பட்டு, உண்மையான குறைபாடு கவனிக்கப்படாமல் போகலாம்.

இந்தியக் கணக்கும் இடைவெளியும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதன்முறையாக ஆண், பெண் அல்லாத மூன்றாவது குறியீடு இடம்பெற்றபோது, நாடு முழுவதும் 4,87,803 பேரும் தமிழ்நாட்டில் 22,364 பேரும் அதில் பதிவாயினர். தமிழ்நாடு அதற்கு முன்பே, 2008இல், திருநருக்கெனத் தனி நலவாரியம் அமைத்திருந்தது. உச்சநீதிமன்றத்தின் 2014 தீர்ப்பும் 2019ஆம் ஆண்டுச் சட்டமும் திருநரின் உரிமைகளை வகுத்தன; அச்சட்டம் மருத்துவப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்யவும் கூறுகிறது.

ஆனால் ஆய்வுத் தரவு பெரும்பாலும் ஹெச்.ஐ.வி.யோடு நின்றுவிடுகிறது. தொடக்க ஆண்டுகளில் திருநங்கையர் ‘ஆண்களுடன் உறவுகொள்ளும் ஆண்கள்’ என்னும் பிரிவிலேயே அடக்கப்பட்டனர். தனியே எண்ணத் தொடங்கிய பின்னரே, 2017இல் வயது வந்தோரிடையே 0.22 விழுக்காடாக இருந்த தொற்று இவர்களிடையே சுமார் 3.1 விழுக்காடு என்பது வெளிப்பட்டது. அவ்வெண் பயனுள்ளதே. எனினும், ஒரு சமூகத்தின் நீரிழிவு, இதயநோய், எலும்பு வலிமை, முதுமை ஆகியவற்றைப் பற்றி அக்கறை கொள்ளாமல் தொற்றை மட்டுமே அளப்பது, அவர்களை நோயாளிகளாக அன்றி நோயின் வழித்தடமாகப் பார்ப்பதற்கு ஒப்பாகும். திருநம்பியர் இக்கணக்கிலும் இல்லை.

கேட்கும் முறை

இரண்டு கேள்விகளால் பெரும்பகுதிச் சிக்கல் தீரும்: பிறப்பில் எப்பாலாகக் குறிக்கப்பட்டீர்கள், இன்று எப்பாலினமாக வாழ்கிறீர்கள். 2021 கனடா மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இவ்வாறு கேட்டதால், 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோருள் 1,00,815 பேர் திருநர் அல்லது இருமைக்கு அப்பாற்பட்ட பாலினத்தவர் எனத் தெரிந்தது. எடுத்துக்கொள்ளும் ஹார்மோன், உடலில் உள்ள உறுப்புகள் ஆகியவற்றை ஆய்வின் தேவை இருந்தால் மட்டும் கேட்டால் போதும். ஆர்வத்திற்காகக் கேட்பது அத்துமீறல்.

மருத்துவமனைக்கு வருவோரை மட்டும் ஆய்வில் சேர்ப்பதும் போதாது. அமெரிக்காவில் 2015இல் 27,715 திருநரிடம் நடத்திய கணக்கெடுப்பில், மதிப்புக் குறைவாக நடத்தப்படுவோமோ என்று அஞ்சி முந்தைய ஓராண்டில் மருத்துவரிடம் செல்லாதிருந்தோர் 23 விழுக்காடு. இத்தகையோரை அறிந்த திருநர் சமூகத்தவர், ஆள் சேர்க்கும் வேலைக்கு மட்டுமன்றி, கேள்விகளை வகுக்கும் கட்டத்திலிருந்தே ஆய்வுக்குழுவில் இடம்பெற வேண்டும். சிற்றூரில் ஒரே ஒரு திருநம்பி வாழ்ந்தால், பெயரின்றி வயதும் தொழிலும் வெளியானாலே இன்னார் என்று அறியப்படுவார் என்பதும் மறக்கத்தக்கதன்று.

ஆய்வுகள் முழுமை பெறும் வரை காத்திராமல் இன்றே பின்பற்றத்தக்க நெறி ஒன்று உண்டு: எந்தப் பரிசோதனை தேவை என்பது, அட்டையில் உள்ள பாலினத்தைப் பார்த்து அன்று, உடலில் உள்ள உறுப்பைப் பார்த்தே முடிவு செய்யப்பட வேண்டும். கருப்பை வாய் உள்ள திருநம்பிக்கு அதற்கான புற்றுநோய்ப் பரிசோதனை தேவை. பெண்மைக்கான அறுவை சிகிச்சைக்குப் பின்னரும் திருநங்கையின் உடலில் புராஸ்டேட் சுரப்பி இருக்கிறது. இதனை மருத்துவரிடம் தயங்காமல் கூறுங்கள். மருத்துவர்களே, நீங்களும் தயங்காமல் கேளுங்கள்.