உட்கார்ந்திருக்கும்போதே நாடி 150: ஏட்ரியல் ஃப்ளட்டர் என்பது என்ன?



மருத்துவ உதவி கேட்டு நமது டிரஸ்டுக்கு வந்த ஒரு சகோதரியின் மனு எங்கள் நினைவில் நிற்கிறது. அவருடைய கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயிருந்தன. அதற்கு முன் சில வாரங்களாகவே "நெஞ்சு படபடங்குது, மாடி ஏறினா மூச்சு வாங்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். கேஸ், டென்ஷன் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு எடுத்த ஈசிஜியில்தான் 'ஏட்ரியல் ஃப்ளட்டர்' என்று தெரிந்தது.

இதயத்தில் மேலே இரண்டு அறைகள், கீழே இரண்டு அறைகள். துடிப்புக்கான மின்சாரம் வலது மேலறையில் பிறந்து, நடுவிலுள்ள ஒரு கணு வழியாகக் கீழறைகளுக்கு இறங்கும். ஒரு துடிப்போடு அது முடிந்துவிட வேண்டும். ஃப்ளட்டரில் அது முடியாமல், பெரும்பாலும் வலது மேலறைக்குள்ளேயே, செக்குமாடு போலச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 300 சுற்று. நல்ல வேளையாக நடுவிலுள்ள கணு அத்தனையையும் கீழே விடுவதில்லை. இரண்டுக்கு ஒன்று விட்டால் நாடி 150. நான்குக்கு ஒன்று விட்டால் 75.

நாம் ஏமாறுவது இங்கேதான். தாளம் தப்பினால்தான் இதயக் கோளாறு என்று பலர் நினைக்கிறோம். ஃப்ளட்டரில் நாடி பெரும்பாலும் கடிகாரம் போல ஒரே சீராக ஓடும். 75 ஆக இருந்தால் தொட்டுப் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது.

காய்ச்சலிலும் பயத்திலும் நாடி வேகமாகும்தான். ஆனால் அது மெல்ல ஏறி, உட்கார்ந்தால் மெல்ல இறங்கும். ஃப்ளட்டர் பெரும்பாலும் திடீரென்று தொடங்கும். அரைமணி நேரம் அமைதியாக உட்கார்ந்த பிறகும் 150-ஐ ஒட்டியே நிற்கும். வீட்டு பி.பி. மெஷினில் மூன்றாவதாக வரும் எண்தான் நாடி. பலர் அதைப் பார்ப்பதே இல்லை. மணிக்கட்டில் விரல் வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கியும் பாருங்கள்.

ஆனாலும் உறுதி சொல்வது ஈசிஜிதான். அதன் அடிக்கோடு ரம்பப் பல் போலத் தெரியும். 1911-இலேயே ஜாலி, ரிட்சி என்ற இருவர் ஈசிஜியை வைத்து ஃப்ளட்டரைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார்கள். நாடி 150-இல் ஓடும்போது அந்தப் பற்கள் மற்ற அலைகளுக்குள் மறைந்துகொள்வதும் உண்டு. அப்போது கணுவைச் சில விநாடிகள் மந்தப்படுத்தும் ஊசி போட்டு டாக்டர்கள் பார்ப்பார்கள்.

படபடப்பு வந்து போகிறதென்றால், அடங்கிய பின் எடுக்கும் ஈசிஜியில் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஆகவே படபடக்கும்போதே போய் எடுங்கள். முடியாவிட்டால் 24 மணி நேரம் உடம்பில் மாட்டும் ஹோல்டர் கருவி பற்றிக் கேளுங்கள். ஈசிஜி தாளை அன்றே செல்போனில் படமெடுத்து வையுங்கள். எங்களிடம் வரும் மனுக்களில் பல தாள்கள் வெளுத்துப்போய், எந்த டாக்டருக்கும் பயன்படாத நிலையில் இருக்கின்றன.

இரத்த அழுத்தம், வால்வு கோளாறு, நாள்பட்ட நுரையீரல் நோய், அதிகமாகச் சுரக்கும் தைராய்டு உள்ளவர்களும் இதய அறுவை செய்தவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

சிகிச்சை நன்றாகவே இருக்கிறது. வேகத்தைக் குறைக்க மாத்திரை, தாளத்தைத் திருப்ப மின் அதிர்ச்சி உண்டு. தொடையிலுள்ள இரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் செலுத்தி அந்தச் சுற்றுப்பாதையையே துண்டிக்கும் அப்லேஷன் பெரும்பாலோருக்குப் பலன் தருகிறது. சரியாகச் சுருங்காத மேலறையில் இரத்தம் உறைந்து மூளைக்குப் போவதுதான் பக்கவாதம். அதைத் தடுக்கவே இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தருகிறார்கள். படபடப்பு நின்றுவிட்டது என்று அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். ரமலானில் ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்ப வேளையை மாற்றலாமா என்று நோன்புக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள்.

படபடப்போடு நெஞ்சுவலி, மயக்கம் வந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை தளர்ந்தாலோ காலை வரை காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.